ஒரு குடை, ஐந்து ப்ராஜெக்ட்: மல்டிமீடியா முதல் வருட மாணவருக்கு

மல்டிமீடியா படிப்பின் முதல் வருடத்தில் வரும் வேலைகள் எங்கே படித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு போஸ்டர், ஒரு ஒலித்துண்டு, ஒரு நிமிட வீடியோ, பந்து குதிக்கும் அனிமேஷன், கடைசியில் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு வலைத்தளம். வரிசை மாறலாம், ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். ஐந்தும் ஐந்து தனி உலகம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் புதுசாக யோசனை தேடி உட்காருவதிலேயே பாதி நாள் போய்விடும்.

எனக்குப் போனது. என் முதல் வீடியோவுக்கு நான் எழுதிய கதையில் மழை இருந்தது, கனவு இருந்தது, நடுவில் இருபது வருட இடைவெளியும் இருந்தது. கேட்டதோ ஒரு நிமிடம். கடைசியில் நான் கொடுத்தது சரியாக வெட்டப்படாத மூன்றரை நிமிடம். அதிலும் பேசுவது ஒன்றும் காதில் விழவில்லை. என்னோடு படித்த ஒரு பெண் கதவுக் கைப்பிடியை மட்டும் வைத்து நாற்பது வினாடி எடுத்திருந்தாள். ஒரு கை வருகிறது, தயங்குகிறது, திரும்பிப் போகிறது. அவ்வளவுதான். என் படம் எனக்கே இப்போது சரியாக ஞாபகமில்லை. அந்தக் கைப்பிடி இருக்கிறது.

அதனால் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் சொல்வது: ஒரே ஒரு பொருளை எடுங்கள். ஐந்து வேலைக்கும் அதுவே போதும். இங்கே உதாரணத்துக்கு ஒரு குடையை எடுத்துக்கொள்கிறேன். தலைப்பை ஆசிரியரே கொடுத்துவிட்டால் அந்தத் தலைப்புக்குள் ஒரு பொருளைத் தேடிக்கொள்ளலாம்.

முதலில் தாளை முழுசாகப் படியுங்கள்

அசைன்மென்ட் தாளில் மூன்று விஷயத்தை அடிக்கோடிடுங்கள். கடைசியில் கொடுக்க வேண்டியது என்ன அளவில், என்ன வகை ஃபைலாக இருக்க வேண்டும்? எதைச் செய்யக் கூடாது? மதிப்பெண் எதற்கு? கடைசிக் கேள்விதான் பலர் கண்ணில் படுவதில்லை. முடிந்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் என்று நினைத்திருப்பார்கள்; தாளில் பார்த்தால் யோசனை வளர்ந்த விதத்துக்கும், குறிப்பேட்டுக்கும் கணிசமாக ஒதுக்கியிருக்கும்.

அப்புறம் நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி நாள் எக்ஸ்போர்ட் செய்து, அதாவது முடிந்த வேலையைத் தனி ஃபைலாக வெளியே எடுத்து, பார்க்க மட்டும். அதற்கு முந்தைய இரண்டு நாள் திருத்தத்துக்கு. மீதி இருப்பதுதான் உண்மையில் உங்கள் கையில் உள்ள நேரம்.

யோசனையைச் சுருக்க என்னிடம் ஒரு முரட்டு வழி உண்டு. உங்கள் யோசனையை ஒரு நண்பரிடம் வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது 'அப்புறம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு முறை வந்தால் சரி. மூன்று முறை வந்தால் அது முதல் வருட ப்ராஜெக்ட் இல்லை. 'கதவருகே ஒரு குடை சாய்ந்து நிற்கிறது, அப்புறம் யாரோ அதை எடுக்காமலே மழையில் இறங்கிப் போகிறார்' என்பது ஒரு நிமிடத்துக்குத் தாராளமாகப் போதும்.

கதை பிடிப்பதற்கு முன்னால் ஃபோல்டர்

சலிப்பான வேலைதான். ஆனால் முதல் வருடத்தில் நான் பார்த்த கண்ணீரில் பெரும்பகுதி கலையால் வந்ததில்லை, ஃபைலால் வந்தது. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் நான்கு: மூலப் பொருள், வேலை நடக்கும் ஃபைல், வெளியே எடுத்தது, குறிப்புகள். ஃபைல் பெயரில் இடைவெளி வேண்டாம். கடைசியில் 01, 02, 03 என்று எண் போடுங்கள். 'ஃபைனல்' என்ற சொல்லைப் பெயரில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகு 'ஃபைனல் புதுசு' வரும், 'ஃபைனல் உண்மையானது' வரும், எதைக் கொடுத்தோம் என்றே தெரியாமல் போகும்.

வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்ததும் எல்லா ஷாட்டும் காணவில்லை என்று திரை முழுக்கச் செய்தி வரும் ஒரு நாள் எல்லோருக்கும் உண்டு. காரணம் எளியது. எடிட்டிங் ஃபைலுக்குள் உங்கள் வீடியோ இருப்பதில்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கிறது. கேமரா கார்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேராக இழுத்துப் போட்டு வேலை செய்துவிட்டு அதைப் பிடுங்கிவிட்டால் முகவரிக்கு ஆள் இல்லை. முதலில் ஃபோல்டருக்குள் நகல் எடுங்கள், அங்கிருந்து மென்பொருளுக்குள் கொண்டுபோங்கள். மொத்த ஃபோல்டருக்கும் மூன்று பிரதிகள்: இரண்டு வேறு வேறு சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கிளவுடில் வைத்தாலும் சரி.

மென்பொருளைப் பற்றி இரண்டு வரி. படிக்கும் இடத்தில் எதைக் கற்றுத் தருகிறார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சொந்தமாகத் தேட வேண்டியிருந்தால் படத்துக்கு ஜிம்ப் அல்லது கிரிட்டா, கோட்டு வடிவத்துக்கு இன்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி, வீடியோவுக்கு கேடென்லைவ், அனிமேஷனுக்கு பிளெண்டர். எல்லாமே இலவசம். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பட்டன் எங்கே என்பதைத் தவிர வேறெதுவும் கற்பதில்லை.

போஸ்டர்: பிக்சலும் எழுத்தும்

வேலையைத் தொடங்கும் முன்பே தாளின் அளவைச் சரியாக வையுங்கள். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கும் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அது 2480க்கு 3508 பிக்சல். இணையத்தில் கிடைத்த 600 பிக்சல் அகலக் குடைப் படத்தை அந்தத் தாள் முழுக்க விரித்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். எந்த மென்பொருளும் இல்லாத நூலை நெய்து தராது. நீங்களே ஒரு குடையைச் சுவரோரம் சாய்த்துப் போனில் எடுக்கும் படம் அதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும். உரிமைச் சிக்கலும் இல்லை.

பின்னணியிலிருந்து குடையைப் பிரிக்க அழிப்பானைத் தொடாதீர்கள். மாஸ்க் போடுங்கள். அழித்தது அழிந்ததுதான், மாஸ்க் மறைக்க மட்டும் செய்யும், நாளைக்கு மனசு மாறினால் திரும்ப வரும். வேலை நடக்கும்போது மென்பொருளின் சொந்த ஃபைலாகவே லேயர்களோடு, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பகுதிகளோடு, சேமியுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை திறந்து திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தைத் தூக்கி எறிகிறது, அதனால் அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும். பின்னணியே இல்லாமல் படம் மட்டும் வேண்டும் என்றால் பிஎன்ஜி. லோகோ போல எந்த அளவுக்கும் விரிய வேண்டியது வெக்டராக, அதாவது பிக்சலால் இல்லாமல் கோட்டு வடிவமாக, இருக்கட்டும்.

திரையில் பளபளத்த பச்சையும் நீலமும் அச்சில் மங்கி வந்தால் பிரின்டரைத் திட்ட வேண்டாம். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, அச்சு மையை வைத்து ஒளியைக் குறைத்து நிறம் காட்டுகிறது. இரண்டாலும் எட்ட முடிகிற நிறங்கள் ஒன்றல்ல. அச்சுக்குப் போகும் வேலையை சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிறக் கணக்கு) முன்னோட்டத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி எழுத்து. தமிழில் போஸ்டர் செய்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பயிற்சி வீடியோக்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. 'குடை' என்ற சொல்லையே அடித்துப் பாருங்கள். சில மென்பொருளில் ஐகாரக் கொம்பு ட-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கணினிகள் எழுத்துகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி அடுத்தும்தான் பதிவாகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்ற தேர்வுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் சரியாகாவிட்டால் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். பழைய யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள் அழகாக இருக்கும், ஆனால் வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக மாறும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை யூனிகோடு. திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னும் இரண்டு விஷயம். தமிழில் 'கி', 'கீ' மேலே வளையும். 'கு', 'மூ' கீழே இறங்கும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பது போல எழுத்தளவில் 120 சதவீதம் என்றே விட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொண்டையும் முட்டிக்கொள்ளும். நான் 140இல் தொடங்குவேன். அதேபோல எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்து நவீனமாகக் காட்டும் ஆங்கில வழக்கம் தமிழுக்கு ஒத்துவராது: 'கா' என்பது 'க' வேறு கால் வேறாகப் பிரிந்து நிற்கும்.

ஒலி: எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவது

மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். கரகரக்கும் ஒலியைப் பொறுக்க மாட்டார். இதை நான் என் மூன்றரை நிமிடத்தில் கற்றேன். மைக் கேமராவின் மேலேயே இருந்தது. பேசியவர் நான்கு மீட்டர் தள்ளி இருந்தார்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண், அதிகபட்சம் இரண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும், ஆனால் மின்விசிறியின் சத்தம் குறையாது. ஒலிவாங்கியை விலை கொடுத்து மாற்றுவதைவிட அருகே கொண்டுபோவது பெரிய முன்னேற்றம். தனி மைக் இல்லையா, இன்னொரு போனைப் பேசுபவரின் சட்டைப் பைக்கு அருகே வைத்துப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் தட்டிவிட்டால் பிறகு டைம்லைனில் (மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) இரண்டையும் பொருத்துவது சுலபம். துணிமணி நிறைந்த அறை எதிரொலியைக் குடித்துவிடும். வெறும் சுவர் அறை எல்லாவற்றையும் திருப்பித் தரும்.

மென்பொருளின் ஒலி அளவுகோலில் பதிவின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அந்த வெட்டு பிற்பாடு முழுசாக ஆறாது. ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து பதிய வேண்டும் என்பதற்கும் ஓர் எண் உண்டு; வீடியோவோடு போகும் ஒலி என்றால் 48 கிலோஹெர்ட்ஸ். ஆடியோ சிடிக்கு வைத்த கணக்கு 44.1, மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அதன் இருமடங்குக்குச் சற்று மேலே வைத்தார்கள். ஒரே ப்ராஜெக்ட்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பதிவு முடிந்ததும் யாரும் பேசாமல் 30 வினாடி அந்த இடத்தின் வெறும் அமைதியைப் பதியுங்கள். வசனத்துக்கு நடுவே எதையாவது வெட்டினால் அங்கே விழும் ஓட்டையில் இதைத்தான் நிரப்ப வேண்டும். முழு மௌனத்தை வைத்தால் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதோ என்று கேட்பவர் நினைப்பார்.

ஒலித்துண்டு ப்ராஜெக்ட்டுக்குக் குடையே ஒரு வாத்தியம். விரியும்போது ஒரு 'படக்', கம்பி சரியும் உராய்வு, துணியில் விழும் துளி, மூடியபின் சொட்டுவது. இந்த நாலைத் தனித்தனியாகப் பத்துப் பத்து தடவை பதிந்து, வார்த்தையே இல்லாமல் ஒரு நிமிடத்தில் யாரோ வெளியே போய்த் திரும்பி வந்ததைச் சொல்லிப் பாருங்கள். ஒரு பொருளின் ஒலி அதே பொருளாகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. குடையை வேகமாக விரித்து மூடினால் பெரிய பறவை சிறகடிப்பது போலிருக்கும். செலோபேன் தாளைக் கசக்கினால் தீ எரிவது போலக் கேட்கும். சினிமாவில் இப்படிச் செய்யும் வேலைக்கு ஃபோலி என்று பெயர், ஹாலிவுட்டில் அதைச் செய்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயரால் வந்தது.

ஒரு நிமிட வீடியோ

கேமராவில் ஃப்ரேம் வேகத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்பதை, முதலிலேயே முடிவு செய்யுங்கள்: 24, 25, 30 எதுவானாலும் சரி, ஒன்றையே கடைசிவரை. அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை) அதன் இருமடங்கில் வைப்பது வழக்கம்; 25 என்றால் வினாடியில் 50இல் ஒரு பங்கு. போனைக் குறுக்காகப் பிடிப்பதா நெடுக்காகவா என்பதைத் தாளில் கேட்டிருப்பதே தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து வினாடியாவது அசையாமல் பிடியுங்கள். முதல் இரண்டு வினாடியும் கடைசி இரண்டும் கை நடுக்கத்தில் போய்விடும்.

ஒரே செயலைத் தூரத்திலிருந்து ஒரு முறை, இடுப்பளவில் ஒரு முறை, கையருகே ஒரு முறை எடுங்கள். ஒட்டும்போது எங்கு சிக்கினாலும் கையருகே எடுத்தது காப்பாற்றும். இரண்டு பேர் எதிரெதிரே பேசினால் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கம் வையுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போலாகிவிடும்.

எடிட்டிங் என்றால் என்ன என்று புரிய ஒரு பழைய சோதனை போதும். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நடிகரின் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். முகம் மாறாமலே பார்த்தவர்கள் வெவ்வேறு உணர்ச்சியைக் கண்டார்கள் என்பார்கள். நீங்களும் செய்யுங்கள். நண்பரின் சும்மா இருக்கும் முகம், அடுத்து மூடிய குடை. அதே முகம், அடுத்து கம்பி உடைந்த குடை. அதே முகம், அடுத்து குழந்தைக் குடை. நடிப்பு வராத நண்பர்களை வைத்துப் படமெடுக்க இதைவிட நல்ல உபாயம் கிடையாது.

இன்னொன்று: அடுத்த காட்சியின் ஒலியை அரை வினாடி முன்னதாகவே உள்ளே விடுங்கள். முகம் திரையில் இருக்கும்போதே மழைச் சத்தம் தொடங்கட்டும், பிறகு மழை வரட்டும். வெட்டு கண்ணில் உறுத்தாது.

பந்து குதிக்கும் அனிமேஷன்

எல்லோருக்கும் இதைத்தான் கொடுப்பார்கள். எல்லோரும் 'இவ்வளவுதானா' என்பார்கள். எனக்கு வந்த முதல் பந்து பலூன் போல மிதந்தது. தொடக்கத்தில் ஒரு கீஃப்ரேம் (பொருளின் நிலையை நாமே குறித்து வைக்கும் படம்), தரையில் ஒன்று, நடுவில் கணினி சமமாக நிரப்பியது. விழும் பொருள் சமமாக விழுவதில்லை. சம நேரத் துண்டுகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். பந்தின் நிலைகளை அப்படி வைத்தாலே எடை வந்துவிடும். மென்பொருளின் வரைகோட்டில் பார்த்தால் உச்சியில் வளைவு உருண்டையாக, தரையைத் தொடும் இடத்தில் கூர்மையாக இருக்க வேண்டும்.

நேரத்துக்கும் கணக்குண்டு. சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது அரை வினாடியில் தரையைத் தொடும். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 12 ஃப்ரேம். கையால் வரைபவர்கள் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள், ஆக ஆறே படம்தான். பந்து நாலில் ஒரு பங்கு உயரத்துக்கு எழும்பினால் மேலே போக ஆகும் நேரம் முதலில் விழுந்த நேரத்தில் பாதி. ரப்பரா இரும்பா என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்வது நிறம் அல்ல, இந்த விகிதம். தரையில் நசுங்கும்போது உயரம் குறைகிற அளவுக்கு அகலம் கூடட்டும். இல்லையென்றால் பந்து திடீரென்று சின்னதான மாதிரி இருக்கும்.

இது கைக்கு வந்ததும் குடைக்குப் போங்கள். விரிந்த குடையின் மேல் பந்து விழுகிறது, துணி ஒரு கணம் குழிந்து, தன் நிலையைச் சற்றுத் தாண்டி எழும்பி, பிறகு அடங்குகிறது. மூன்று வினாடி. அதைச் சரியாகச் செய்ய ஒரு வாரம் ஆகலாம், கவலைப்படாதீர்கள்.

வலைத்தளம்

இங்கே கலையைவிடக் கவனம்தான் தேவை. படத்தின் முகவரியில் உங்கள் கணினியின் டிரைவ் பெயர் இருந்தால் ஆசிரியரின் கணினியில் வெற்றுக் கட்டம்தான் வரும். பக்கம் இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் முகவரியாக எழுதுங்கள். ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம் விண்டோஸில் தெரியாது, லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படங்கள் காணாமல் போகும். எல்லாமே சின்ன எழுத்தில் வைத்தால் தொல்லையில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்பது இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்கு வைத்திருக்கும் அளவு. வெளிர்சாம்பல் எழுத்து ஆசை வரும்போது இதைச் சோதித்துப் பாருங்கள். கேமராவில் வந்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்ற வேண்டாம்.

அடுத்தவர் பொருள், அடுத்தவர் கண்

பிறர் படமோ இசையோ எடுத்தால் எடுத்த அன்றே அதன் பெயர், உருவாக்கியவர், உரிமம் மூன்றையும் குறிப்புகள் ஃபோல்டரில் எழுதிவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, கூடவே என்ன நிபந்தனை என்று பார்க்க வேண்டும். மாற்றி உருவாக்கக் கூடாது என்ற நிபந்தனையுள்ள இசையை உங்கள் வீடியோவுக்குப் பின்னணியாகப் போட்டு வெளியிட முடியாது. படத்தோடு பொருத்துவதையே மாற்றி உருவாக்குவதாகத்தான் அந்த உரிமம் கணக்கில் கொள்கிறது.

பாதி முடிந்ததும் யாரிடமாவது காட்டுங்கள். காட்டும்போது வாயைத் திறக்காதீர்கள். 'இது இன்னும் முடியல, இங்க மழை வரும்' என்று தொடங்கினால் அவர் உங்கள் விளக்கத்தைப் பார்ப்பார், படத்தைப் பார்க்க மாட்டார். முடிந்ததும் 'நல்லா இருக்கா' என்று கேட்காமல் 'என்ன நடந்தது, சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதை உங்கள் கதையோடு எங்கே பிரிகிறதோ அங்கே திருத்தம் தேவை.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் திரையை ஒரு படம் எடுத்து, கீழே இரண்டு வரி எழுதி வையுங்கள். தோற்றுப்போன முயற்சிகளையும் சேருங்கள். மிதந்த பந்து, பிரிந்த கொம்பு எல்லாம் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டியவை. கடைசி இரவில் உட்கார்ந்து ஒரு மாத நாட்குறிப்பைக் கற்பனையாக எழுதுபவர்களை ஆசிரியர்கள் ஒரு பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கொடுப்பதற்கு முன்

வீடியோ என்றால் எம்பி4, உள்ளே எச்.264 என்ற சுருக்கும் முறை, ஃப்ரேம் வேகம் எடுத்தது எதுவோ அதுவே. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை வேறொரு கணினியில், முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் ஓட்டாமல் பாருங்கள். ஒரு முறை ஹெட்போனில், ஒரு முறை போனின் சின்ன ஸ்பீக்கரில். வலைத்தளத்தை ஜிப் ஆக்கி, வேறொரு இடத்தில் பிரித்துத் திறந்து பாருங்கள். போஸ்டரை ஒரு முறை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று படியுங்கள்.

கொடுத்து முடித்ததும் அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். அந்த 30 வினாடி அமைதி அடுத்த பருவத்தில் இன்னொரு படத்துக்கு வேண்டியிருக்கும். குடையை மட்டும் யாரிடம் இரவல் வாங்கினீர்களோ அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.